வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் இரண்டாவது கார்: ஹொண்டா சிவிக் எஃப்டி1 தெரிவான விதம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் குடும்பம் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டாவது கார் வாங்கத் தீர்மானித்தது. வாகன மதிப்பீட்டைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் முதற் பேச்சிலிருந்து கார் கைமாறிய நாள் வரை நானும் கூடவே இருந்தேன். கொழும்பில் கார் வாங்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘திருப்பி விற்றால் என்ன விலைக்குப் போகும்’ என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். இந்தக் குடும்பமோ, ஓட்டுபவருக்கு அந்தக் கார் பிடிக்குமா என்பதையும் அதே அளவு முக்கியமான கேள்வியாக வைத்தது. அதனால்தான் இந்தத் தெரிவை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே சுசுக்கி வகன் ஆர் ஒன்று உண்டு. பிள்ளைகளின் பாடசாலை, டியூஷன், சந்தை, கோயில் எல்லாம் அதில்தான். 660 சிசி எஞ்சினும் குறுகிய உடலும் கொண்ட அந்தக் காருக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிகர் இல்லை. ஆனால் ஜப்பானின் அந்தச் சிறுகார் வகுப்பில் நான்கு பேருக்கு மேல் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் நாட்களில் ஐவர் ஒன்றாகப் போக வழியில்லாமல் ஓட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. பெரியம்மாவின் மகளான அக்காவுக்குக் கட்டுநாயக்கவில் வேலை. கிழமையில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும். ஆண்டுக்கு நான்கு தடவையாவது யாழ்ப்பாணப் பயணமும் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டாவது கார் மாதத்துக்கு 900 கிலோமீற்றர் அளவில் ஓடும் என்று கணக்கிட்டோம்.

காரை ஓட்டப்போவது அக்காதான். அவருக்குக் கார் ஓட்டுவது உண்மையாகவே விருப்பமான காரியம். “தம்பி, ஸ்டியரிங்கைப் பிடிச்சா ஓட ஆசை வரவேணும். ஆனா புத்தளம் காட்டுக்குள்ள பிள்ளையளோட நிக்கவும் ஏலாது” என்றார். அவருடைய கணவரான அத்தான் கேட்டது அதைவிடச் சுருக்கம்: “பஞ்சிகாவத்தையில சாமான் கிடைக்கவேணும், அவ்வளவுதான்.” பஞ்சிகாவத்தை என்பது கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தை. இந்த இரண்டு வாக்கியங்களும் எங்களுக்கு முழுமையான கேள்விப்பட்டியலாகவே அமைந்தன.

சந்தையின் நிலையையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிதாக எதுவும் வராததால் நாட்டுக்குள் இருந்த கார்களே கை மாறிக் கை மாறி விலை ஏறின. இறக்குமதி திறந்த பிறகும் வரிச்சுமையும் ரூபாயின் மதிப்பும் சேர்ந்து, புதிதாக வரும் செடான் எதையும் நடுத்தரக் குடும்பத்தின் இரண்டாவது கார் என்ற எல்லைக்குள் விடவில்லை. ஆகவே தேடல் 2020க்கு முன்பு நாட்டுக்குள் வந்த கார்களுக்குள்தான் நடக்க வேண்டியிருந்தது. பத்து, பதினைந்து வயதுக் கார்களைப் பார்க்கும்போது மாடலின் பெயரைக் காட்டிலும் அந்தத் தனிக் காரின் வரலாறே முக்கியம் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டோம்.

ஓட்டும் இன்பம் என்பதைக் கொழும்பின் அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். சாதாரண வீதிகளில் காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், குடியிருப்புப் பகுதிகளில் 50, அதிவேகப் பாதைகளில் 100. இந்த எல்லைகளுக்குள் 200 குதிரைவலுவை எங்கே செலவழிப்பது? இங்கே ஒரு காரை ஓட்ட ஆசைப்பட வைப்பது வேறு விடயங்கள்: பொரளைச் சந்தியில் இடைவெளி கிடைத்தவுடன் மிதித்த மாத்திரத்தில் கார் நகர்வது, களனிப் புதுப் பாலத்தின் வளைவில் உடல் சாய்ந்து தள்ளாடாமல் கோட்டைப் பிடிப்பது, குண்டும் குழியுமான இடத்தில் பின்சில்லுகள் துள்ளாமல் நிலத்தோடு இருப்பது. இவற்றைத் தீர்மானிப்பவை கியர்பொக்ஸும் சஸ்பென்ஷனும்தான். நம்பகத்தன்மைக்கும் இதே இடம்தான் வாசல். பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்லும் ஒரு மாலையில் எஞ்சினைவிடக் கியர்பொக்ஸே அதிகம் தண்டிக்கப்படுகிறது. அதனால் ஒவ்வொரு காரையும் ‘கியர்பொக்ஸ் எந்த வகை, சூட்டை எப்படித் தாங்கும்’ என்ற கேள்வியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். என் அனுபவத்தில் கொழும்பில் பழைய கார் தேடும் எவருக்கும் இதைவிட நல்ல முதற் கேள்வி இல்லை.

முதலில் வந்த பெயர் ஹொண்டா கிரேஸ். 2014 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்த ஹைபிரிட் செடான் பார்வைக்கு அழகானது, சிக்கனமானது, மிதித்தால் விறுவிறுப்பாகவும் போகும். ஆனால் அதிலுள்ளது மோட்டாரோடு இணைந்த ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். அதே கியர்பொக்ஸ் முதலில் வந்த ஃபிட் ஹைபிரிட்டில் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ஹொண்டா பல தடவை திரும்ப அழைப்பு விடுத்தது பதிவிலுள்ள செய்தி. ஹைபிரிட் பற்றறி இறங்கிய நிலையில் நெரிசலில் ஊரும்போது கிளச் தட்டு வழுக்கி வழுக்கித்தான் காரை நகர்த்த வேண்டியிருக்கிறது. சூடு ஏறும் இடம் அதுவே. கவனமாகப் பராமரித்த கிரேஸ் கார்கள் நன்றாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கிழமைக்கு இரண்டு நாள் காலி வீதி நெரிசலில் போகும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டொயோட்டா எக்ஸியோ ஹைபிரிட்டும் அலியன் 260உம் அத்தானின் மனத்துக்கு நெருங்கியவை. எக்ஸியோ ஹைபிரிட்டின் கோள்சக்கரக் கியர் அமைப்பில் தேய்ந்துபோகக் கிளச் எதுவும் இல்லை. நம்பகத்தன்மையில் அதற்கு முழுப் புள்ளி. ஆனால் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 100 குதிரைவலு. மிதித்தால் எஞ்சின் முதலில் இரைந்து, கார் பிறகு நகரும் உணர்வு. அலியன் 260இன் 1.5 லீற்றர் எஞ்சினைக் கொழும்பில் எந்தக் கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். உள்ளே இருக்கை, அமைதி, பூச்சு எல்லாம் நேர்த்தி. ஆனால் கியர் படிகள் இல்லாத சிவிடி கியர்பொக்ஸ், மென்மையான சஸ்பென்ஷன், பின்பக்கம் இரு சில்லுகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் முறுக்குத் தண்டு அச்சு. பின்னால் இருந்து போக அருமையான கார் அது. அக்கா கேட்டதோ ஓட்டுவதற்கு. விலையும் எட்டாத உயரத்தில் நின்றது. இந்த நாட்டில் அலியனுக்கும் பிரீமியோவுக்கும் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு காருக்கு, இன்னொரு பங்கு அந்தப் பெயருக்கு.

பத்தாம் தலைமுறை சிவிக்கில் 1.0 லீற்றர் டர்போ எஞ்சின் கொண்டது நம் வீதிகளில் இத்தனை காணப்படுவதற்குக் காரணம் வரிதான். எஞ்சின் 988 சிசி என்பதால் ஆயிரத்துக்குக் கீழான தீர்வை வகுப்பில் அடங்கியது. சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை பட்டியலிலேயே சிறந்த கார் அது என்று தயங்காமல் சொல்வேன். எஞ்சினின் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள் மூழ்கி ஓடும் வகை. குறித்த காலத்தில் சரியான தர ஒயில் மாற்றாத ஒருவரிடமிருந்து அதை வாங்கினால், பெல்ட்டின் துகள்கள் ஒயில் பாதையை அடைக்கும் அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் முழுமையான சேர்விஸ் பதிவு கிடைப்பது அரிது. விலையும் பட்ஜெட்டுக்கு வெளியே இருந்ததால் விவாதம் நீளவில்லை. மஸ்டா எக்செலா 1.5இன் ஆறு கியர் ஓட்டோமற்றிக்கும் பல்லிணைப்புப் பின் சஸ்பென்ஷனும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அதற்கான உதிரிப்பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தேட வேண்டியிருக்கும். அத்தானின் ஒரே நிபந்தனை அங்கே அடிபட்டது.

எஞ்சியது எட்டாம் தலைமுறை சிவிக், இங்கே எல்லோரும் எஃப்டி என்று அழைக்கும் கார். 2005இல் அறிமுகமாகி 2011 வரை உற்பத்தியானது. இதில் எஃப்டி1 என்பது 1.8 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் 140 குதிரைவலுவும் உடையது. எஃப்டி3 என்பது 1.3 லீற்றர் ஹைபிரிட். வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் விளம்பரத்தைப் பார்த்து மயங்கி, விலை குறைவு என்று எஃப்டி3க்குப் போய்ப் பழைய ஹைபிரிட் பற்றறியோடு போராடுபவர்களை நான் தொழிலில் அடிக்கடி சந்திக்கிறேன். எஃப்டி1இல் இருப்பது வழமையான ஐந்து கியர் ஓட்டோமற்றிக். எஞ்சினின் வலுவை ஒயிலின் சுழற்சியால் கடத்தும் முறுக்கு மாற்றி அதில் இருப்பதால் நெரிசலில் ஊர்வதை அது பொறுத்துக்கொள்கிறது. மிதித்தால் கியர் இறங்குவதும் காலுக்குத் தெரிகிறது. எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. நான்கு சில்லுக்கும் சுயாதீன சஸ்பென்ஷன். பின் இருக்கையின் தளம் ஏறத்தாழச் சமதரையாக இருப்பதால் நடுவில் அமர்பவருக்குக் கால் வைக்க இடம் உண்டு. பெரியம்மாவை ஒரு கரையில் இருத்தி, பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் இருத்தினால் யாழ்ப்பாணம் வரை எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பெற்றோல் செலவுதான் அத்தானின் தடை. அதற்குக் கணக்கே பதில். ஹைபிரிட் செடான் லீற்றருக்கு 18 கிலோமீற்றரும் எஃப்டி1 10 கிலோமீற்றரும் போகும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 900 கிலோமீற்றருக்கு முதலாவதற்கு 50 லீற்றர், இரண்டாவதற்கு 90 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் அளவில் இருந்த அந்த நேரத்தில் வித்தியாசம் மாதம் 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000. சிறு தொகை அல்ல. ஆனால் அன்றைய சந்தையில் கிரேஸுக்கும் எஃப்டி1க்கும் இடையிலான விலை வித்தியாசம் இந்தத் தொகையைப் போலப் பல மடங்காக இருந்தது; அதோடு ஹைபிரிட் பற்றறி மாற்றும் நாள் வந்தால் அதுவும் தனிச் செலவு. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடும் முதற் காராக இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். இரண்டாவது கார் என்பதாலேயே எஃப்டி1 கணக்கில் வென்றது.

முதலில் பார்த்த கார் கண்ணைப் பறித்தது. பளபளக்கும் வெள்ளை நிறம், புது இருக்கை உறை, குறைந்த மீட்டர். சாரதி இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். கடைசி அரை முழத்தில் நாடாவின் குறுக்கே மங்கலான பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. யாரும் இழுக்காத பகுதி என்பதால் கழுவுபவர்கள் அதை மறந்துவிடுவார்கள். பின்பக்கச் சாமான் அறையின் தரைவிரிப்பைத் தூக்கினால் உதிரிச் சில்லின் குழியில் வடிகால் அடைப்பானைச் சுற்றி நுண்ணிய மண் படிவு. முன்னிருக்கைகளின் தரை ஆணித் தலைகளில் துரு. வெள்ளத்தில் நின்ற கார். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொழும்பின் கிழக்கிலும் வடகிழக்கிலும் கார்கள் கூரை வரை மூழ்கிய படங்கள் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவற்றில் ஒரு பகுதி கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தது. எஞ்சினைப் புதுப்பிக்கலாம், ஆனால் தரைக்கடியில் ஓடும் வயர்க் கட்டின் இணைப்புகளில் தொடங்கிய பச்சைக் களிம்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வேலையைக் காட்டும். அத்தகைய காருக்குச் சரியான விலை என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது கார் தெஹிவளையில், 2010 உற்பத்தி, ஓய்வுபெற்ற ஒருவரின் கையில் இருந்தது. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு காலையில் போனோம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தபோது சங்கிலியின் இரைச்சல் இல்லை. வால்வுகளின் மெல்லிய தட்டல் மட்டும் கேட்டது. இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும் என்பதால் அது கோளாறு அல்ல, தள்ளிப்போட்ட வேலை. டி கியரில் போட்டு பிரேக்கை மிதித்தபோது ஸ்டியரிங் அதிர்ந்தது. எஞ்சினைத் தாங்கும் பக்கவாட்டு ரப்பர் மவுண்டின் அடியில் ஒயில் கசிந்த தடம் அதற்குக் காரணம் சொன்னது. எஃப்டியில் இது எல்லோருக்கும் வரும் செலவு. அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரையான சிவிக் கார்களில் எஞ்சின் புளொக் வெடித்துக் குளிரூட்டும் நீர் கசிந்ததால் ஹொண்டா அங்கே அந்தப் பகுதிக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டுகளாக நீட்டியிருந்தது. இந்தக் கார் அந்த ஆண்டுகளுக்குப் பிந்தியதே எனினும், அதே எஞ்சின் குடும்பம் என்பதால் ரோர்ச் வெளிச்சத்தில் புளொக்கின் பக்கங்களைப் பார்த்தேன். நீர் காய்ந்த வெள்ளைக் கறை எதுவும் இல்லை.

ரயர்களின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு கிழமையையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். முன் ரயர்களில் 2219 என்றிருந்தது. 2019ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. ரயரின் பூ, அதாவது தரையில் படும் வரிப்பள்ளம், நன்றாக இருந்தாலும் ஆறு வயது ரயரை அதிவேகப் பாதைக்குக் கொண்டுபோக நான் விடமாட்டேன். விலைப் பேச்சில் நான்கு ரயரும் ஒரு மவுண்டும் எங்கள் பக்கம் நின்றன.

இந்தத் தெரிவில் நான் எவ்விதத்திலும் விட்டுக்கொடுக்காத விடயம் காற்றுப்பை. எஃப்டி தலைமுறை சிவிக், டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளுக்கான உலகளாவிய திரும்ப அழைப்பில் அடங்குகிறது. அதே காலத்து டொயோட்டா கொரோலாக்கள் உட்பட வேறு பல கார்களும் அடங்கும். காற்றுப்பையை விரியச் செய்யும் ஊதியின் உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய அழுத்தத்தில் வெடித்து, உலோக ஊதியையே துண்டுகளாக்கி முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிகிறது. பல நாடுகளில் உயிர்கள் போயின. 2017இல் அந்த நிறுவனமே வங்குரோத்தானது. வெப்பமும் ஈரமும்தான் காரணம் என்றால், ஆண்டு முழுவதும் இரண்டும் நிறைந்த கடற்கரையோரக் கொழும்பைவிட அபாயமான இடம் எது? ஆனாலும் இங்கே கார் வாங்குபவர்கள் பூச்சில் ஒரு கீறலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை. சேஸி இலக்கத்தை எழுதி எடுத்து முகவரிடம் சரிபார்த்ததில், பயணி பக்கம் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது, சாரதி பக்கம் மாற்றப்படவில்லை. அந்த மாற்றம் முடிந்த பிறகே மீதிப் பணம் என்று உரிமையாளரிடம் பேசிக்கொண்டோம். அவர் மனமுவந்து ஒத்துக்கொண்டார், வேலையும் முடிந்தது.

ஆவணங்களில் சிக்கல் இருக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருந்தது, சேஸி, எஞ்சின் இலக்கங்கள் பொருந்தின, வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நடப்பில் இருந்தன. விற்பவர் கையெழுத்திட்டு, வாங்குபவரின் பெயர் நிரப்பப்படாத திறந்த படிவங்களோடு காரை மாதக்கணக்கில் ஓட்டும் வழக்கம் இங்கே உண்டு. அதைத் தவிர்த்து, பணம் கைமாறியவுடனேயே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் செய்தேன்.

வாங்கிய முதல் மாதத்தில் நான்கு ரயர்கள், எஞ்சின் மவுண்ட், பிரேக் திரவம், வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிசெய்தோம். கியர்பொக்ஸ் ஒயில் விடயத்தில் மட்டும் நிதானம் காட்டினோம். ஒரு தடவை திறந்துவிட்டால் மொத்த ஒயிலில் பாதிக்கும் குறைவே வெளியேறும். மீதி முறுக்கு மாற்றிக்குள் தங்கிவிடும். இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து முழுவதையும் கழுவி எடுப்பதாகச் சொல்லும் இடங்களைத் தவிர்த்து, ஹொண்டாவுக்குரிய ஒயிலையே ஊற்றி, இடையிடையே ஓட்டி, மூன்று தவணையாக மாற்றத் தீர்மானித்தோம். இரண்டாவது தவணைக்குப் பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது இருந்த சிறு உதைப்பு குறைந்துவிட்டது.

அக்கா குறித்து வைக்கும் கணக்கின்படி நகரத்துக்குள் லீற்றருக்கு எட்டரை கிலோமீற்றர் அளவிலும், கட்டுநாயக்க அதிவேகப் பாதையிலும் யாழ்ப்பாணப் பயணத்திலும் பதினான்குக்குக் கிட்டவும் கிடைக்கிறது. 92 ஒக்டேன் பெற்றோலே போதுமாக இருக்கிறது. முதல் யாழ்ப்பாணப் பயணம் முடித்து வந்து, “அனுராதபுரம் தாண்டினாப் பிறகும் களைக்கேல்லை, வவுனியாவில ரீ குடிக்கத்தான் நிப்பாட்டினது” என்றார். அத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைத் தானே எடுக்கிறார்.

இன்னும் இரண்டு வேலைகள் மீதம் உள்ளன. அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில் முன் பம்பரின் கீழுதடு உரசுகிறது. காரைச் சற்று உயர்த்த ஸ்பிரிங்குக்குக் கீழே தடுப்பு வைக்கும்படி ஒரு கராஜில் சொன்னார்கள். அது சஸ்பென்ஷனின் கோணத்தைக் கெடுத்து, இந்தக் காரை எதற்காக வாங்கினோமோ அதையே இழக்கச் செய்யும் என்பதால் மறுத்துவிட்டேன். சரிவைக் குறுக்காகக் கடந்தால் உரசல் இல்லை. பின் சஸ்பென்ஷனின் இழுவைக் கைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் வயதுக்கேற்ப வெடிக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை அடுத்த நல்லூர்த் திருவிழாப் பயணத்துக்கு முன்பு மாற்றி, சில்லுச் சீரமைப்பும் செய்து, அதே நாளில் கியர்பொக்ஸ் ஒயிலின் மூன்றாவது தவணையையும் முடிப்பதாக முடிவாகியுள்ளது.